செவ்வாய்க்கிழமைப் படம்

நவம்பர் 2, சனி

முதலில் ஒன்றைத் திருத்தி வைக்கிறேன். இறந்துபோன கணவரோடு நான் கம்ப்யூட்டர் வழியாகப் பேச முயல்வதாக எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பேச்சு நடக்கிறது. இன்று கல்லறைத் திருநாள். அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்திருந்தபோது எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. காது நன்றாகக் கேட்கும்.

நான் யாரோடும் பேச முயலவில்லை. என் கணவர் பேராசிரியர் தியோடர் மரியநாயகம் எழுதிய ஒரு ப்ரோகிராம், அவர் அறையிலுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது ஓடினால் ஒரு படம் வரும். அந்தப் படத்தை என் விண்டோஸ் லேப்டாப்பின் திரையில் வரவழைக்க வேண்டும். வேறொன்றுமில்லை. இதை அந்தப் பெண்களிடம் திரும்பி நின்று சொல்லியிருக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் பேசக் கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

காரணமும் எழுத வேண்டும். அவர் வேலை பார்த்த கடற்கரை ஆய்வு நிலையம் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறது. போன வாரம் அச்சுப் பிரதி வந்தது, திருத்தித் தரும்படி. எழுத்துப் பிழைகள் பதினொன்று. அவற்றை மன்னிக்கலாம். வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரி இது: ‘இறுதி ஆண்டில் நினைவு முற்றிலும் மங்கிய நிலையில், மானிட்டர்கூட இல்லாத கணினியின் முன் அமர்ந்து விசைகளைத் தட்டியபடியே பேராசிரியர் தம் நாள்களைக் கழித்தார்.’

நாற்பது ஆண்டு உழைப்பு இந்த வரியில் வந்து முடிகிறது. நான் இருக்கும்வரை இது அச்சேறாது.

நவம்பர் 4, திங்கள்

மலரின் ஆசிரியர் டாக்டர் வில்வநாதன். என் கணவருடைய மாணவர்தான், இப்போது அவர் இருந்த நாற்காலியில் இருக்கிறார். காலையில் போன் செய்தேன்.

“மேடம், அது நானா இட்டுக்கட்டி எழுதினதில்ல. அடக்கத்தன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க” என்றார்.

“அடக்கத்தன்று ஒரு மனைவி வாயில் வருவதையெல்லாம் அச்சில் போடுவீர்களா?”

“சரி மேடம், எடுத்துடலாம். ஆனா அந்த இடத்துல என்ன எழுதுறது? கடைசி ஒன்றரை வருஷம் சார்கிட்டேர்ந்து எங்களுக்கு ஒண்ணும் வரல. ஒரு பேப்பர் இல்ல, ஒரு மெயில் இல்ல.”

“அவர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.”

“அப்படின்னா கடைசி வருஷத்துப் படம் ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. அந்த வரியைத் தூக்கிட்டு அந்தப் படத்தைப் போடுறேன். மாசக் கடைசிக்குள்ள வேணும்.”

நியாயமான நிபந்தனைதான். ஏற்றுக்கொண்டேன். அடக்கத்தன்று நான் சொன்னது வேறு, அவர் எழுதியிருப்பது வேறு. அதையும் சொல்ல நினைத்தேன், போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

அவர் அறையைத் திறந்து பெருக்கினேன். கம்ப்யூட்டர் பெட்டி மேஜைக்குக் கீழே இருக்கிறது. கீபோர்டு மேஜை மேல் இருக்கிறது. மானிட்டர் இல்லை. அது பிப்ரவரியில் பங்குப் பள்ளிக்குக் கொடுக்கப்பட்டது.

என்னோடு இருக்கும் நாத்தனார் செலின், வேறு மானிட்டர் வாங்கினால் என்ன என்று கேட்டாள். கடைக்காரரை வரவழைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மானிட்டர் ஒயர் செருகும் இடம் உடைந்திருக்கிறதாம். “புடுங்கும்போது யாரோ அவசரத்துல இழுத்திருக்காவ அம்மா. பெட்டியைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனாத்தான் சரி பண்ணலாம்” என்றார். பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெட்டியை முடுக்கினால் விசிறி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே காட்டத்தான் வழி இல்லை.

நவம்பர் 6, புதன்

இருபது வருஷம் அவருடைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்தவள் நான். கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை. லேப்டாப்பிலிருந்து அவர் பெட்டிக்குள் நுழைவது பத்து நிமிஷ வேலையாகத்தான் இருந்தது. அவருடைய கடவுச்சொல் எங்கள் கல்யாணத் தேதி, பின்னிருந்து முன்னாக. ஆனால் அப்படி நுழைந்தால் எழுத்துகள் மட்டும் வருகின்றன. ப்ரோகிராமை ஓட்டினால், ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் ஏதோ எண்களும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

இதற்கு எக்ஸ் சர்வர் என்று ஒன்று வேண்டும். படம் வரைவதற்குத் திரையில் இடம் கொடுப்பது அதுதான். லினக்ஸில் கூடவே வரும், விண்டோஸில் நாமாகப் போட வேண்டும். சர்வர் என்றதும் பெரிய பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, பகல் முழுவதும் அவர் பெட்டியில் அதைத் தேடித் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் விளக்கக் குறிப்பை இரண்டாம் முறை படித்தபோதுதான் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. திரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சர்வர். என் மடியிலிருக்கும் இந்தச் சின்ன லேப்டாப்தான் சர்வர். அவருடைய பெரிய ப்ரோகிராம் இதன் வாசலில் வந்து நின்று அனுமதி கேட்க வேண்டும்.

பள்ளி விடுதியில் பார்லர் என்று ஒரு அறை இருந்தது. பெற்றோர் வந்தால் நேராக உள்ளே வர முடியாது. வாசல் சிஸ்டரிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர் பெயரைச் சரிபார்த்துப் பார்லரில் உட்கார வைப்பார். எக்ஸ் சர்வர் அந்த வாசல் சிஸ்டர்தான். எந்தப் பார்லருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் வருகிறவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது நான்கு எண்கள் கொண்ட ஒரு முகவரி. ஒவ்வொரு முறையும் ப்ரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால், ‘உன் படம் இந்த முகவரியில் விழட்டும்’ என்று ஒரு வரி தட்டுகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

லேப்டாப்பில் எக்ஸ் சர்வரைப் போட்டுவிட்டேன். ஓட்டினேன். திரையைத் திறக்க முடியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

திரையைத் திறக்க முடியவில்லை. மீன்காரி வந்தாள். சாளை வாங்கினேன், நல்லதாக இல்லை.

நவம்பர் 9, சனி

மழை. முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகன் ரெஜி பேசினான். அவனுக்கு இதே வேலைதான், நூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறான். நான் சொல்லவில்லை. அத்தைக்காரி சொல்லியிருக்கிறாள்.

“அம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா. நான் இங்கருந்தே உங்க லேப்டாப்புக்குள்ள வந்து ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தாரேன்.”

“வேண்டாம். நானே செய்துகொள்வேன்.”

“ஏம்மா இப்படி அடம் பிடிக்கீங்க? அப்பா கடைசியா என்ன செஞ்சாங்கன்னு நமக்குத் தெரியாதா? அதுல ஒண்ணும் இருக்காதும்மா. இல்லாததத் தேடி நீங்க ஏமாந்து போகக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்.”

மூளை மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போக வேண்டும் என்று முதலில் சொன்னவன் ரெஜி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“பூசைக்கு நேரமாகிறது” என்று வைத்துவிட்டேன். பூசை முடிந்து வந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது நினைவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பிழை கிடைத்துவிட்டது. என் பிழைதான், ஆனால் காரணமுள்ள பிழை. எக்ஸ் சர்வரை முதலில் ஓட்டிய அன்றைக்கு விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது: வெளியிலிருந்து வருகிறவர்களை இது உள்ளே விடலாமா, கூடாதா என்று. அறியாதவரை உள்ளே விடுவதா என்று நான் ‘கூடாது’ என்பதை அழுத்தினேன். எந்த ஒழுங்கான வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து அவருடைய ப்ரோகிராம் என் வாசலில் வந்து தட்டிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட தாழ்ப்பாளை நானே மறந்துவிட்டு, ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஐந்து நாள் அவர் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை மாற்றினேன். இப்போது சிஸ்டர் வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறார். எல்லோரையும் விடு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக் போட்டால் போதுமாம். அது சோம்பேறிகளின் வழி. அவர் பெட்டியின் எண்ணை மட்டும் அனுமதிக்கும்படி எழுத ஒரு கட்டளை உண்டு. நாளை அதைச் செய்வேன்.

நவம்பர் 13, புதன்

படம் வந்தது.

காலை பத்தரை மணி. செலின் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டளையைத் தட்டினேன், ப்ரோகிராமை ஓட்டினேன். முதலில் வெறும் சாம்பல் நிறச் சதுரம். பிறகு இடது ஓரத்திலிருந்து நீலம் பரவியது. கடல். அதற்குள் மெல்ல மஞ்சள் ஊறியது. கொடிமுனையில் ஆறு கடலில் சேரும் இடம். அங்கே மணல்திட்டு வாரத்துக்கு வாரம் நகரும். எப்படி நகரும், எப்போது ஆற்று வாயை அடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அவருடைய ப்ரோகிராம். படகுகள் மணலில் ஏறாமல் கடலுக்குப் போக அது உதவும் என்பார்.

எந்த வாரம் வேண்டும் என்று கேட்கிறது. ஒவ்வொரு திங்களும் நிலையத்திலிருந்து நீர்மட்ட அளவுகள் தானாக இந்தப் பெட்டிக்கு வந்துவிடும். அவற்றோடு கணக்கைச் சேர்க்கும் கட்டளையைத் தட்டி ஓட்டினால் அந்த வாரம் பதிவாகும். பிப்ரவரியின் கடைசி வாரத்தைக் கேட்டேன். இருந்தது. மார்ச் கேட்டேன். இருந்தது. ஏப்ரல், மே எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஓரம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தது இல்லை. அவர் இறந்தது ஜூலையில்.

செலின் கையில் கீரையோடு வந்து நின்று பார்த்தாள்.

“மே மாசத்துல எப்படி மைனி? மானிட்டரைத்தான் பிப்ரவரியிலேயே எடுத்தாச்சே.”

“தட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் தட்டிய கட்டளை. கண் எதற்கு?”

“அதத்தானே நாம எல்லாரும்…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு அவள் சுபாவப்படி நிறுத்த முடியாமல், “ஸ்கூல்லேர்ந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போகும்போது அண்ணன் கதவுகிட்ட நின்னு பாத்துகிட்டே இருந்தாவ. ‘ஹில்டா, ஒயரை இழுக்காத’ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாவ. நீங்க கேக்கல” என்றாள்.

செலின் கீரையைச் சரியாக ஆய்வதில்லை. தண்டெல்லாம் முற்றலாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

மே இரண்டாம் வாரத்துப் படத்தைத் தனிக் கோப்பாக எடுத்து டாக்டர் வில்வநாதனுக்கு அனுப்பினேன். நிபந்தனை நிறைவேறியது என்று எழுதினேன். பதில் இன்னும் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

போன் வந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். ஆனால், “இதை சார்தான் ஓட்டினாருன்னு எப்படி மேடம் சொல்றது? திங்கக்கிழமை அளவு வந்ததும் மெஷின் தானா ஓட்டியிருக்கலாமில்ல? மானிட்டர் இல்லாம ஒருத்தர் வேலை செஞ்சாருன்னா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க.”

“நீங்கள் நம்புகிறீர்களா?”

“மேடம், எனக்கு சார் மேல எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்.”

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. பள்ளியில் இப்படி எழுதினால் மதர் கிளெமென்சியா தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நவம்பர் 16, சனி

மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் கரண்ட் போய், நாலு மணிக்கு வந்தது. எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினேன். அவசரத்தில், படம் என் முகவரியில் விழட்டும் என்று தட்டும் வரியைத் தட்ட மறந்துவிட்டேன். ப்ரோகிராம் உடனே நிற்கவில்லை. வெகுநேரம் எங்கேயோ போய்க் காத்துக்கொண்டிருந்தது. பிறகுதான், ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்றது. கூடவே ஒரு முகவரியையும் சொன்னது. முதல் நாள் ஏதோ எண்கள் என்று நான் விட்டது இதுதான்.

எதையும் இரண்டு முறை படிப்பவள் நான். அது என் லேப்டாப்பின் முகவரி இல்லை. அவர் பெட்டியின் முகவரியும் இல்லை. எங்கள் வீட்டு முகவரி எதுவும் அப்படித் தொடங்குவதில்லை.

அதாவது, நான் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்த ப்ரோகிராம் தன் படத்தை வேறு எங்கோ கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கிறது. அப்படித்தான் அவர் எழுதி வைத்திருக்கிறார். பெட்டி முடுக்கும்போது படிக்கும் கோப்பில் தேடினேன். அந்த முகவரி அங்கே இருக்கிறது. அவரே தட்டியது, பக்கத்தில் ‘வில்வம் கொடுத்தது’ என்ற குறிப்போடு. நான்கு வருஷத்துக்கு முந்தின தேதி.

நவம்பர் 17, ஞாயிறு

நான்கு வருஷத்துக்கு முன் கொரோனா. நிலையத்துக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே எல்லோரும் வேலை செய்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதே வேலையைத் தொடர்ந்ததால் நிலையம் அவருடைய பெட்டிக்கு ஒரு தனி இணைப்புக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுவார். கொரோனா முடிந்து வேறு இயக்குநர் வந்தபின் போன் வருவது நின்றது.

செவ்வாய்க்கிழமை இஸ்திரிச் சட்டை போடுவது மட்டும் நிற்கவில்லை. பத்து மணிக்கு உட்காருவார். காபி கொண்டுபோனால் திரையில் கறுப்புப் பின்னணியில் எண்கள் மட்டும் ஓடும். படம் ஏதும் இருக்காது. அவர் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு, “வில்வம், மஞ்சள் ஓரத்தைப் பாரு. போன வாரத்தைவிட உள்ள வந்திருக்கு” என்பார். போன் மேஜையில் அணைந்து கிடக்கும். எங்கே மஞ்சள் என்று கேட்டேன். “அங்க தெரியும். அவங்க பாத்துகிட்டிருப்பாங்க” என்றார்.

இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் இருக்க முடியாது. இல்லாத படத்தை இல்லாத ஆளுக்குக் காட்டுகிறார் என்றேன். திரை அவரைக் கலவரப்படுத்துகிறது, எடுத்துவிடுங்கள் என்றார் மருத்துவர். எடுத்தபின் அவர் பேசுவது நின்றது. தட்டுவது நிற்கவில்லை. அதையும் அடுத்த முறை சொன்னேன். மாத்திரையின் அளவு கூடியது.

நவம்பர் 18, திங்கள்

நிலையத்துக்குப் போன் செய்தேன். வில்வநாதன் டெல்லியில் இருக்கிறாராம். கம்ப்யூட்டர் பிரிவில் பொன்செல்வி என்ற பெண் எடுத்தாள். உதவி செய்யும் மனசுள்ள குரல். அந்த முகவரியைப் படித்துக் காட்டி, இது எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டேன்.

“இருங்க மேடம், பாக்கேன்… இது நம்ம கூடத்துல இருக்கிற பெரிய ஸ்கிரீன் மெஷின்லா. சுவர்ல மாட்டியிருக்குமே, யாராச்சும் பெரிய ஆள் வந்தா வரவேற்பு போடுவோம். அதுதான்.”

“அதில் எப்போதாவது கடல் மாதிரி ஒரு படம் வந்ததுண்டா? நீலமும் மஞ்சளுமாக?”

அவள் சிரித்தாள். “ஐயோ, அதா. அதுக்கு நாங்க செவ்வாய்க்கிழமைப் படம்னு பேரே வச்சிருந்தோம் மேடம். கரெக்டா பத்து மணி ஷோ. யாரும் மவுஸைத் தொட்டிருக்க மாட்டோம், அது பாட்டுக்கு ஸ்கிரீன்ல வந்து நிக்கும். ஏதோ பழைய மெஷின் கோளாறுன்னு விட்டுட்டோம். நான்தான் போய் மூடிட்டு வருவேன். ஒரு தடவை கலெக்டர் வந்த அன்னிக்கு வரவேற்பு மேலேயே வந்து உக்காந்துட்டு. வில்வநாதன் சாருக்குக் கோபமான கோபம். அதுலேருந்து செவ்வாய்க்கிழமை ஆனா ஒம்பதே முக்காலுக்கே என்னை அங்கன போய் நிக்கச் சொல்லிட்டாவ.”

“இப்போது வருகிறதா?”

“இல்ல மேடம். ஜூன்லயே நின்னுட்டு. பழைய இணைப்பெல்லாம் வேற ஆகஸ்ட்ல எடுத்துட்டோம்.” பிறகு, “ஏன் மேடம், அது யாரோடது?” என்று கேட்டாள்.

உதவிக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும்.

நவம்பர் 19, செவ்வாய்

தலைவலி. எழுதவில்லை.

நவம்பர் 21, வியாழன்

ரெஜிக்கு நானே போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவனுக்குத் தொழில் இது, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டான்.

“அப்போ வேற ஸ்கிரீனுக்குப் போய்க்கிட்டிருந்திருக்கு” என்றான். “அதான் வீட்டுல ஒண்ணும் தெரியல. அப்பா சரியாத்தான் செஞ்சிருக்காங்க.”

“ஆமாம்.”

“அம்மா, எனக்கு இது தோணியிருக்கணும். நான் அந்த மெஷினை ஒரு தடவை திறந்து பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.” பிறகு, “அந்த மாத்திரையெல்லாம்…” என்றான்.

“இங்கே மழை பெய்கிறது. சரியாகக் கேட்கவில்லை” என்றேன்.

மழை காலையிலேயே விட்டிருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

செலினிடம் சொல்லும்படி ஆயிற்று. அழுதாள். அவள் அழுதால் மூக்கு சிவந்துவிடும், அண்ணனைப் போலவே.

“எனக்கும் சிரிப்பு வந்துட்டு மைனி அப்போ. திரையில்லாம தட்டுதாவளேன்னு. எதிர்வீட்டு அக்காகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்.”

“சரி, விடு.”

“நீங்க ஒரு நாளும் சிரிக்கல மைனி. அதை நான் சொல்லியே ஆகணும்.”

நான் சிரிக்கவில்லைதான்.

நவம்பர் 24, ஞாயிறு

எல்லா வாரங்களையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். முழு உண்மையையும் எழுத வேண்டும், எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதுவது முறையல்ல. இதைப் பெட்டி தானாக ஓட்டவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்று அல்லது இரண்டு தட்டுப் பிழைகள் பதிவாகியிருக்கின்றன. கட்டளையில் ஓர் எழுத்து தவறி, ஏற்கப்படாமல், அதே வரி மறுபடி சரியாகத் தட்டப்பட்டிருக்கிறது. தன் வேலையைத் தட்டும் இயந்திரம் எழுத்துப் பிழை செய்யாது. ஏப்ரலில் ஒரு வாரம் ஒரே வரி ஆறு முறை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், சரியாகப் போய்விட்டதா என்று தெரியாமல், மறுபடி மறுபடி.

ஜூன் மாதத்தின் கடைசி இரண்டு படங்களில் மணல் இல்லை. வெறும் நீலம். ஓரம் இல்லை, ஆறு இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வாரங்களில் நிலையத்திலிருந்து அளவுகள் வராமல் போயிருக்கலாம். வந்தனவா என்று பெட்டியில் பார்க்க முடியும். பார்க்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

காலையில் அவர் அறையில் லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, அனுமதியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். காரணம் ஏதும் இல்லை, வெயில் அடித்தது. பத்து மணிக்கு மே இரண்டாம் வாரத்தை ஓட்டினேன். நீலம் பரவி, மஞ்சள் ஊறி, படம் முழுதாக வந்து நின்றது. செலினும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த மஞ்சள்தான் மணலா மைனி?”

“ஆமாம். ஓரத்தைப் பார். முந்தின வாரத்தைவிட உள்ளே வந்திருக்கிறது.”

சாப்பாட்டு நேரம்வரை மூடவில்லை.

நவம்பர் 28, வியாழன்

அச்சுப் பிரதியைத் திருத்தி இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூட வைத்த கடிதத்தின் நகல்:

‘மதிப்பிற்குரிய டாக்டர் வில்வநாதன் அவர்களுக்கு,

எழுத்துப் பிழைகள் பதினொன்றையும் சிவப்பு மையில் திருத்தியுள்ளேன்.

வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரியை நீக்க வேண்டும் என்று முன்பு கேட்டேன். இப்போது அதன் ஒரு பாதியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பாதி உண்மை, அதை உங்களிடம் சொன்னதும் நான்தான். கீழ்க்கண்டவாறு அச்சிடவும்: “இறுதி மாதங்களில், மானிட்டர் இல்லாத கணினியின் முன் அமர்ந்து, பேராசிரியர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தம் கணக்கை ஓட்டினார். அதன் படம் நிலையத்தின் கூடத்துத் திரையில் விழுந்தது.” அருகில் மே மாதப் படத்தைப் போடவும். பெட்டியில் பதிவான கட்டளைகளின் பிரதி, தட்டுப் பிழைகளோடு, இணைத்துள்ளேன். இயந்திரம் தானாக ஓட்டியதா என்ற உங்கள் ஐயத்துக்கு அது பதில்.

கூடத்துத் திரையின் முகவரியை அவருடைய பெட்டியில் எழுதச் சொன்னது நீங்கள். அது கொரோனா காலத்தில். அந்தப் படத்தின் நீலமும் மஞ்சளும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் நீங்கள் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தீர்கள். மீன் குழம்பு வைத்திருந்தேன்.

அந்தத் திரையில் செவ்வாய்க்கிழமை தோறும் வந்த படத்தை மூடுவதற்கு ஒரு பெண்ணை ஒன்பதே முக்காலுக்கு நிறுத்தினீர்கள். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவளிடம் இதுபற்றி ஏதும் கேட்க வேண்டாம். அவளுக்கு அது யாருடையது என்று தெரியாது.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்றால் அப்படியே எழுதுங்கள், ஏற்றுக்கொள்வேன். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, நான் அடுத்த அறையில் இருந்தவள்.

போன் வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஹில்டா மரியநாயகம்’